சாட்சிச் சட்டை

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பதினாலு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் கயிற்றில் ஒரு இழை அறுந்திருந்தால் போதும், யாரையும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். மின்சாரத்தை நிறுத்தி, ‘பழுது’ என்று பலகை மாட்டி, கயிற்றை மாற்றிவிட்டுத்தான் கீழே இறங்குவார். அதே மனுஷன் வீட்டுக்கு வந்துவிட்டால், குளிக்கிற அறைக்கு நீல வாளி வாங்கலாமா என்று கடவுளிடம் தேவசித்தம் கேட்பார். காத்திரு என்று பதில் வந்தது. ஒரு வாரம் முழுக்க நாங்கள் சமையல் குண்டானில் தண்ணீர் பிடித்துக் குளித்தோம்.

கேட்பதற்கு ஒரு டப்பா வைத்திருந்தார். இருமல் மிட்டாய் வந்த தகர டப்பா. உள்ளே மூன்று சீட்டு: ஆம், இல்லை, காத்திரு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் சபையின் உபவாசக் கூட்டத்துக்கு வந்த ஒரு பிரசங்கியார் சீட்டுப் போடுவதைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார். அவர் இரண்டு மணி நேரம் பேசியதில் இவர் காதில் ஏறியது அது ஒன்றுதான். லிஃப்ட் பலகையில் எழுதுகிற அழியாத மார்க்கரால் எழுதி, கசங்காமலிருக்க மேலே செலோடேப் ஒட்டி, நகத்தளவுக்கு வெட்டிப் போட்டார். ஒருநாள் எங்கள் மகள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டாள் என்று, மூடியைச் சுற்றி இன்சுலேஷன் டேப்பால் இறுக்கிக் கட்டிவிட்டு, மேலே ஒரு சின்ன ஓட்டை வெட்டினார். கண்ணை மூடி ஜெபித்துக் குலுக்கினால் ஒரு சீட்டு விழும். படித்துவிட்டு அதே ஓட்டை வழியாகத் திரும்பப் போட்டுவிடுவார். மனுஷக் கை உள்ளே படக்கூடாதாம்.

முதல் வருஷமே தன் தம்பியை மன்னிக்கலாமா என்று கேட்டார். அதற்குப் பதில் வேதத்தில் பச்சையாகவே எழுதியிருக்கிறது, படித்தால் போதும். டப்பா காத்திரு என்றது. இன்றுவரை வெகு சந்தோஷமாகக் காத்திருக்கிறார்.

என் விஷயத்துக்கு வருகிறேன். நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். நடுவில் ஒரு சுவர், சுவருக்குள் பதித்த பெரிய மெஷின்கள். இந்தப் பக்கம் அழுக்கைப் போடுவோம், அந்தப் பக்கம் சுத்தமானதை எடுப்பார்கள். அழுக்குப் பக்கச் சுவரில் ஒரே ஒரு விதி கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கும்: பாக்கெட்டைப் பார்க்காமல் எதையும் போடாதே. டாக்டர்களின் கோட்டிலிருந்து நான் கத்தரிக்கோல் எடுத்திருக்கிறேன், தெர்மாமீட்டர் எடுத்திருக்கிறேன், ஒருதரம் யாருடையதோ ஒரு பல்செட்டும் எடுத்தேன். அதனால் அங்கே எனக்குப் பெயர் பாக்கெட்டக்கா.

ஆஸ்பத்திரியில் புதுக் கட்டிடம் திறந்தார்கள். அதன் சலவைக்கூடத்துக்கு மேற்பார்வையாளராக என்னைப் போடுவதாக மேனேஜரம்மா சொன்னார். இருபத்துமூன்று பேர் என் கீழே வேலை செய்வார்கள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள். நான் பறந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"காலைல ஆறு மணிக்கே போகணுமா? அப்ப எனக்கு டிபன்?"

"நீங்களே செஞ்சுக்கலாம். இல்ல, மக செய்வா."

"அவசரப்படாத. ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்."

டிபனுக்காக வேண்டாம் என்று சொன்னால் சண்டை வரும். கர்த்தர் வேண்டாம் என்றால் யார் சண்டை போடுவது? திங்கட்கிழமை காத்திரு வந்தது. செவ்வாய்க்கிழமையும் காத்திரு. புதன்கிழமை இல்லை.

"பாத்தியா, தெளிவா சொல்லிட்டார்" என்றார். முகத்தில் அப்படி ஒரு சாந்தம்.

"லிஃப்ட்டுக் கயிற மாத்த இப்படி மூணு நாள் குலுக்குவீங்களா?"

"அதுக்கு மேனுவல் இருக்கு. வாழ்க்கைக்கு மேனுவல் இருக்கா?"

இருக்கிறது, அலமாரியில்தான் இருக்கிறது, தினமும் அதன்மேல்தான் அந்த டப்பாவை வைக்கிறீர்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. குளிக்கிற அறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். என் வீட்டில் பூசாரிக்கு ஒரு தகர டப்பா போதுமாக இருந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். திங்கட்கிழமை காத்திரு என்று வந்தபோது என் நெஞ்சின் ஒரு மூலையில் அப்பாடா என்றிருந்தது. இருபத்துமூன்று பேரை வேலை வாங்க எனக்கு மட்டும் பயமில்லையா? எய்தவன் இருக்க அம்பை நோவதுபோல, நான் ஐந்து வருஷமாக டப்பாவைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். என் வாயால் கடவுளிடம் ஒருநாளும் எதையும் கேட்டதில்லை. டப்பா எனக்கும் வசதியாகத்தான் இருந்திருக்கிறது.

ஆனால் மகளுக்கு அது வசதியாக இல்லை. ஏழு மாதத்துக்கு முன்னால் அவளுக்கு வெளியூர்க் காலேஜில் இடம் கிடைத்தது. கட்டிட வரைபடம் படிக்க வேண்டும் என்பது அவளுடைய சின்ன வயசு ஆசை. விடுதியில் தங்க வேண்டும். அவள் அப்பா ஆறு வாரம் குலுக்கினார். காத்திரு, இல்லை, காத்திரு, காத்திரு. காலேஜ் காத்திருக்கவில்லை. அவள் இப்போது தெருமுனையில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறாள். அன்றிலிருந்து அப்பா கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள், அதுவும் ஒரே வார்த்தையில்.

வியாழக்கிழமை சாயங்காலம். வருகிற ஞாயிறு சபையில் சாட்சி சொல்ல, அதாவது கர்த்தர் தனக்குச் செய்ததை எல்லார் முன்னாலும் எழுந்து சொல்ல, வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருந்தார்கள். சாட்சி சொல்வதற்கென்றே அவர் ஒரு வெள்ளைச் சட்டை வைத்திருக்கிறார், மற்ற நாளில் தொட மாட்டார். கடைசியாக அதைப் போட்டது எட்டு மாதத்துக்கு முன்னால். சபைச் செயலாளர் பதவியை ஏற்கலாமா என்று கேட்டு, ஆம் என்று வந்த அன்றைக்கு. அந்தச் சீட்டைக் கையோடு சபைக்குக் கொண்டுபோய், மைக்கின் முன்னால் உயர்த்திக் காட்டி, "பாருங்க, என் தேவன் பேசுகிற தேவன்" என்று அழுதார். பாதிச் சபை கூட அழுதது.

அதற்குப் பிறகு நான் அந்தச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்ததோடு சரி. இப்போது இஸ்திரி போட எடுத்தேன். பாக்கெட்டில் பெட்டி தட்டியது. விரலை விட்டேன். அடியில், தையலோடு ஒட்டிக்கொண்டு, நகத்தளவு ஒரு சீட்டு. செலோடேப் கொஞ்சம் மங்கியிருந்தது. அழியாத மார்க்கர் அழியவில்லை.

ஆம்.

எட்டு மாதமாக டப்பாவில் இரண்டே சீட்டு. எதைக் கேட்டாலும் இல்லை, அல்லது காத்திரு. என் தங்கை எங்களோடு பத்து நாள் தங்கலாமா, காத்திரு. ஜன்னல் கொசுவலையை மாற்றலாமா, இல்லை. மகள் படிக்கப் போகலாமா, காத்திரு. எங்கள் குடும்பத்தின் தேவசித்தம் பூராவும் ஒரு சட்டைப் பாக்கெட்டுக்குள் துவைத்து மடித்துக் கிடந்திருக்கிறது. அதை வீட்டு மெஷினில் போட்டது யார்? பதினோரு வருஷமாக ஊரான் பாக்கெட்டை எல்லாம் துழாவுகிற பாக்கெட்டக்கா. அன்றைக்கு அவர் கையில் பதவி வந்த எரிச்சலில் சட்டையைச் சுருட்டி உள்ளே தள்ளியது நான்தான்.

சிரிப்பு வந்தது, நின்றது. மகள் பக்கத்து அறையில் ஏதோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை சீட்டை என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. "ஆண்டவரே, இன்னிக்கு நான் கையெழுத்துப் போடப்போறேன். பயமா இருக்கு. வேண்டாம்னா இப்பவே தடுத்துடுங்க" என்று முணுமுணுத்தேன். பக்கத்திலிருந்த பெண் என்னைப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தாள். வேறொன்றும் நடக்கவில்லை. மூன்றரை மணிக்கு மேனேஜரம்மா அறைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். எழுத்து நேராகத்தான் வந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் மேஜையில் உட்கார்ந்து சாட்சிக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். நான் சீட்டை அந்தத் தாளின்மேல் வைத்தேன்.

"இது எங்க இருந்தது?"

"உங்க சாட்சிச் சட்டைல. எட்டு மாசமா."

அவர் சீட்டைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். எழுந்துபோய் டப்பாவை எடுத்துவந்து பேனாக்கத்தியால் டேப்பை அறுத்தார். இரண்டு சீட்டு மேஜையில் விழுந்தன. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார், தட்டினால் மூன்றாவது விழுந்துவிடும் என்பதுபோல.

"பாக்கெட்டப் பாக்காம மெஷின்ல போட்டது நான். அது என் தப்பு" என்றேன். "வேலைக்கு இன்னிக்குக் கையெழுத்துப் போட்டாச்சு."

"ஜெபம் பண்ணியா?"

"பண்ணேன்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. தடுக்கவும் இல்ல."

அவர் முகத்தில் அந்தப் பழைய சாந்தத்தை வரவழைத்துக்கொண்டார். "அவர் சித்தமில்லாம ஒரு சீட்டுகூடத் தொலையாது. இதுலயும் ஒரு நோக்கம் இருக்கும்."

"உங்க லிஃப்ட்டு அறுந்து விழுந்தா உள்ள இருக்கிறவங்ககிட்டயும் இதச் சொல்வீங்களா?"

அப்போதுதான் மகள் வாசற்படியில் நிற்பதைப் பார்த்தோம். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது.

"என் காலேஜுக்குக் கேட்டப்பவும் ரெண்டு சீட்டுதானா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சாந்தமெல்லாம் வழிந்துபோய், சட்டைக் காலருக்குள் ஒடுங்கின சாதாரண மனுஷராக இருந்தார். எனக்கே பாவமாகப் போய்விட்டது.

"ஆமாம்மா. எனக்கே தெரியாமப் போச்சு" என்றார். "உன்னைத் தனியா அனுப்பப் பயமா இருந்தது. அதச் சொல்லியிருக்கணும். அப்பாவ மன்னிச்சிடுவியா?"

மகள் மேஜைக்கு வந்தாள். மூன்று சீட்டையும் வரிசையாக வைத்தாள். கண்ணை மூடவில்லை, குலுக்கவில்லை. ஒவ்வொன்றையும் நன்றாகப் படித்துப் பார்த்தாள். ஒன்றை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

காத்திரு.