ஆர்டித் விற்ற நாற்காலி

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இந்தப் பாழாய்ப்போன ஊருக்குக் குடிவந்த புதிதில், நாலு பேரைத் தெரிந்துகொள்ளலாமே என்று சனிக்கிழமை கராஜ் விற்பனைகளுக்குப் போனேன்; வேண்டாத வீட்டுச் சாமான்களைக் கார் நிறுத்தும் கொட்டகையில் பரப்பி விற்பார்கள்.

ஆர்டித் என்ற கிழவியின் வீட்டுக் கராஜில் ஆண்பிள்ளை உடுப்பு, தூண்டில், பூட்ஸ் எல்லாம் விலைக்கு இருந்தன. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார் போல என்று அவளிடம் துக்கம் விசாரித்தேன்.

“அட, அந்தா உக்காந்திருக்காரு. நாளைக்கு முதியோர் இல்லத்துல விடப்போறேன்.”

மூலையில் சாய்வு நாற்காலியிலிருந்து கிழவர் கையசைத்தார். அதற்குள் ஒருத்தி அந்த நாற்காலிக்கும் விலை பேசி முடித்துவிட்டாள்.

“வெர்ன், எந்திரிங்க, வித்தாச்சு!”

எழுந்தவரின் முதுகில் நாற்காலியின் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது.

“இவரும் இதே விலைதானா?” என்றாள் வாங்கியவள்.

“சும்மாவே கொண்டு போ. திருப்பி மட்டும் எடுத்துக்க மாட்டேன்.”

கராஜே சிரித்தது. உட்கார இடம் தேடிக்கொண்டே வெர்னும் சிரித்தார்.