சிவப்பு மையில் பதினோரு சீட்டு

எங்கள் குளிர்பதனக் கிடங்கின் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் வாத்தியார். மரியாதைக்காக வைத்ததல்ல. யார் என்ன எழுதிக் கொடுத்தாலும் சிவப்புப் பேனாவைத் திறந்துவிடுவார். "எழுவாய் எங்க, பயனிலை எங்க? முழு வாக்கியமா எழுதிட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்." அவருடைய கடிதங்களோ 'ஆகவே', 'மேலும்', 'அதனால்' என்று மூச்சுவிட இடமில்லாமல் பக்கம் பக்கமாக ஓடும். டைப் அடிக்கும் எனக்குத் தோள்வலிதான் மிச்சம். நடுவில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தால் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

மூன்றாம் அறை ஆப்பரேட்டர் பேச்சில் மகா கஞ்சன். "மூணாம் ரூம் கதவு. ரப்பர் கிழிசல். அவசரம்." என்று சீட்டு கொடுத்தார். வாத்தியார் அதை வட்டமிட்டு, 'அரைகுறை' என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு ஃபைலில் வைக்கச் சொன்னார். பதினோரு நாள் பதினோரு சீட்டு. ரப்பரை மாற்றலாமே என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "உங்க வேலை டைப் அடிக்கறது" என்றார்.

பன்னிரண்டாம் நாள், கதவு வழியாகக் குளிர் கசிந்து அந்த அறையின் பழமெல்லாம் அழுகிக் கிடந்தது. ஆப்பரேட்டர் எதுவும் தெரிவிக்கவில்லை, வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று வாத்தியார் மூன்று பக்கத்துக்கு ஒரே வாக்கியமாக எழுதினார். ஆப்பரேட்டர் வீட்டில் வேறு யாருக்கும் வேலை இல்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா விசாரிக்க வந்தார்.

"நீங்க சொல்லவே இல்லையா?"

"சொன்னேன். சீட்டு. தினமும்," என்றார் ஆப்பரேட்டர்.

வாத்தியாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "பாத்தீங்களா மேடம், பேசறதே அரைகுறை. எழுத்து இன்னும் மோசம்." ஃபைலைக் கொண்டுவரச் சொன்னார். அவர் சொன்ன வேலையை நான் அத்தனை ஆசையாகச் செய்தது அன்றைக்குத்தான்.

பதினொன்றையும் வாத்தியாரே மேசைமேல் வரிசையாகப் பரப்பினார்.

"இந்தச் சிவப்பு மை யாரோடது?"

"என்னோடதுதான் மேடம். ஒண்ணு விடாம திருத்தியிருக்கேன்."

"அப்ப ஒண்ணு விடாம படிச்சிருக்கீங்க."

படித்த முட்டாளுக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எனக்கு வயிறு குளிர்ந்தது, மறைப்பானேன்.

அந்த அம்மா ஆப்பரேட்டரிடம், "நீங்க போய் உங்க வேலையப் பாருங்க" என்றார். பிறகு வாத்தியார் முன்னால் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். "ரப்பர ஏன் மாத்தலன்னு எழுதிக் குடுங்க. ஒரு வாக்கியம் போதும்."

சாயங்காலம் நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோதும் அந்தத் தாள் வெள்ளையாகத்தான் இருந்தது.