லைசென்ஸ் முடியும் நாள்

கூட்டம் இரண்டு மணிக்கு. டேரில் மக்காலே ஒன்றரைக்கே வந்துவிட்டான். கையில் ஒரு பெட்டி பெர்ஷியன் பன், ரோஜா நிறச் சர்க்கரைப் பூச்சோடு, தண்டர் பே நகரத்திலிருந்து வாங்கி வந்தது. கையெழுத்து வாங்கப் போகிறவன் வெறுங்கையோடு வருவானா?

மருத்துவமனைக் கூட்ட அறையின் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்த ஐலா கிவெலாவுக்கு வயிறு குளிர்ந்தது. வா ராசா, வா என்று மனதுக்குள் வரவேற்றாள்.

பதினோரு வருடத்துக்கு முன்பு அவன் இதே மருத்துவமனையில் அவளுடைய மேலதிகாரி. அறை முழுக்க இரைந்துகொண்டிருந்த அறுபது கணினிகளை ஆறே சர்வர்களுக்குள் அடக்கியவள் ஐலா. ஒரு சர்வருக்குள் பல கணினிகளைத் தனித்தனியாக ஓடவைக்கும் மென்பொருள் அப்போது ஊருக்கே புதிது. முட்டி மோதிக் கற்றுக்கொண்டாள். நிர்வாகக் குழுவின் முன்னால் "நான் செஞ்சேன்" என்றான் டேரில். ஆறு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கணினி இரண்டு நாள் படுத்துக்கொண்டது. அதே குழுவின் முன்னால் "ஐலா செஞ்சது" என்றான். பிறகு அந்த மென்பொருளை விற்கும் கம்பெனிக்கே நல்ல வேலையில் போய்ச் சேர்ந்தான். அவளோ நான்கு வருடம் வார்டு வார்டாகப் பிரிண்டரில் மாட்டிய காகிதத்தை உருவிக்கொண்டு திரிந்தாள். மறுபடி சர்வர் அறைச் சாவி கைக்கு வருவதற்குள் தலை பாதி நரைத்துவிட்டது. ஆறவில்லை, ஒரு நாளும் ஆறவில்லை.

போன டிசம்பரில் அந்தக் கம்பெனி கைமாறியது. ஒருமுறை வாங்கினால் காலத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்ற பழைய லைசென்ஸ் ஒழிந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குப் பிறகு வருடாவருடம் சந்தா. அதுவும் சர்வரின் மூளையான பிராசசருக்குள் இருக்கும் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக. விலைப் பட்டியலைக் கொண்டு வந்தவன் டேரில்.

"மூன்றரை மடங்கா? இது பகல் கொள்ளை, டேரில்" என்றாள் இயக்குநர் கொலீன் ஹிரிசாக்.

"வேற எங்க போவீங்க, கொலீன்? நூத்தி நாப்பது கணினி ஓடுது இதுமேல. மூணு மாசத்துல எந்த ஆஸ்பத்திரியும் மாறினதில்ல. வேணும்னா ஐலாவக் கேளுங்க. போன தடவை கைய வச்சு என்ன ஆச்சுன்னு அவளுக்குத் தெரியும்ல" என்று சொல்லிச் சிரித்தான்.

ஐலாவும் கூடவே சிரித்தாள். அன்று மாலையே கொலீனின் அறைக்குள் போய் நின்றாள். "மாத்திக் காட்டறேன். முடியலன்னா மார்ச் முப்பத்தொன்னு அன்னிக்குக் கையெழுத்துப் போடுங்க."

மூன்று மென்பொருள்களை எடுத்துச் சோதித்தாள். ஒன்று அழகாக ஓடியது, ஆனால் தினசரி நகல் எடுக்கும் கருவியோடு ஒத்துப்போகவில்லை. இன்னொன்றின் லைசென்ஸ் விதிகள் டேரிலின் கம்பெனிக்குப் பெரியப்பா மாதிரி இருந்தன. மூன்றாவது இலவசம். உதவி வேண்டுமென்றால் மட்டும், கோர் கணக்கெல்லாம் இல்லாமல், மூளைக்கு இவ்வளவு என்று ஒரு சந்தா. அதையே எடுத்தாள். தன் கீழ் வேலை செய்யும் வெண்டலோடு சேர்ந்து, புதிய சர்வர்களுக்கு ஒவ்வொன்றாக நகர்த்தினாள். முதலில் சமையலறைக் கணினி, பிறகு சம்பளப் பிரிவு, மருந்தகம்.

டேரிலுக்கு மட்டும் வாராவாரம் இனிக்க இனிக்க மின்னஞ்சல் போனது. கடைசி நாள் வாங்க, உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று. அவர்கள் தொழிலில், காலாண்டுக் கடைசியில் யார் யார் நிச்சயம் வாங்குவார்கள் என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நிச்சயம் என்று எழுதிய பெரிய வியாபாரம் கவிழ்ந்தால் எழுதியவனின் நாற்காலியும் கவிழும். டேரில் அவளை எழுதிவிட்டான். அவனே போனில் சொன்னான். அன்றைக்கு அவள் பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்குக் காரோட்டிப் போனாள்.

ஒரே ஒரு பயம் இருந்தது. கடைசி மணியில் இந்தக் கம்பெனிகள் விலையைத் தடாலென்று இறக்கும். கொலீன் மசிந்துவிடுவாள். திரும்பிப் போக வழியே இருக்கக் கூடாது என்று ஐலா முடிவு செய்தாள்.

கடைசியாக நகர வேண்டியது பரிசோதனைக் கூடத்தின் கணினி. இன்று ஒரு மணிக்கு, கூடத்து ஆட்கள் சாப்பிடப் போனபோது, நகர்த்தினாள். புதிய இடத்தில் திரை மலர்ந்தது. ஒன்று இருபதுக்குப் பழைய சர்வர்கள் அத்தனையையும் துடைத்து அழித்தாள். பரிசோதனைக் கூடத்து ஆட்கள் வந்து திறந்து பார்க்கட்டும் என்று பொறுக்கவில்லை. இருபது வருட அனுபவம் உள்ளவள் செய்கிற காரியமா அது!

டேரில் பெட்டியைத் திறந்து கொலீனுக்கு நீட்டும்போது வெண்டல் ஐலாவைக் கதவருகே கூப்பிட்டுக் காதில் சொன்னான். "கணினி ஓடுது. ஆனா உள்ள இருக்கற பரிசோதனை மென்பொருள் திறக்கல. இது புது மெஷின், புது லைசென்ஸ் சாவி வேணுங்குது. அதை வித்தவங்களுக்குப் போன் போட்டா அஞ்சு நாள் ஆகுமாம்."

"பழைய மெஷினோட அடையாள எண்?"

"நீங்க நகர்த்தறப்போ அது மாறிடுச்சு."

அந்த எண்ணைக் கொண்டு வர மறந்தது அவள்தான். "நகல்ல தேடி எடு. அதே எண்ணைப் புதுசுல கையால எழுது. ஓடு."

உள்ளே வந்து உட்கார்ந்தாள். அவசரப் பிரிவில் எவனாவது ரத்தப் பரிசோதனைக்குக் காத்துக்கொண்டிருப்பான் என்று தெரியும். தெரிந்தும், அவள் மனம் முழுக்க டேரிலின் முகத்தில்தான் இருந்தது.

"பேனா குடுங்கப்பா" என்றான் டேரில், வாயில் சர்க்கரையோடு.

"என்ன அவசரம்? பத்தாம் பக்கத்தைக் கொஞ்சம் விளக்குங்க. குறைஞ்சது எழுபத்திரண்டு கோர் வாங்கணும்னு போட்டிருக்கே?" என்றாள் ஐலா.

அவன் விளக்கினான். அவள் மறுபடி கேட்டாள், அவன் மறுபடி விளக்கினான். "நீ மாறவே இல்ல ஐலா, எல்லாம் மெதுவாத்தான் ஏறும்" என்றான். கொலீனின் போன் இரண்டு முறை அதிர்ந்தது. நாற்பது நிமிடம் அப்படியே போயிற்று. பிறகு வெண்டலின் செய்தி வந்தது: திறந்துவிட்டது.

ஐலா தாள்களை அடுக்கி அவன் பக்கம் தள்ளினாள். "வேண்டாம் டேரில். நாங்க மாறிட்டோம். நூத்தி நாப்பதும்."

அவன் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. "விளையாடாத. உன்ன நிச்சயம்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

"தெரியும். அதுக்காகத்தான் இன்னிக்கு வரச் சொன்னேன்."

வெளியே ஓடிப் போன் பேசிவிட்டு வியர்வையோடு திரும்பினான். "நாலுல ஒரு பங்கு விலை! பழைய விலையவிடக் கம்மி. கொலீன், இப்பவே போடுங்க."

கொலீன் ஐலாவைப் பார்த்தாள். "மோசமில்லையே. ரெண்டையும் ஒரு வருஷம் வச்சுக்கிட்டா பாதுகாப்புத்தானே?"

"எதுக்கு வாங்குவீங்க? பழைய சர்வரை எல்லாம் துடைச்சாச்சு."

"எப்ப?"

"ஒண்ணு இருபதுக்கு."

கொலீன் தன் போனை எடுத்து, வந்திருந்த செய்திகளைப் படித்தாள். "பரிசோதனைக் கூடம் ஒன்றரைலேர்ந்து ஓடலன்னு எழுதியிருக்காங்க. அப்ப, திரும்பிப் போக வழியில்லாமயே என்கூட இங்க உக்காந்திருந்தியா?"

"ஆமா. திறந்துடுச்சுல்ல."

"திறக்கலன்னா?"

ஐலாவின் கண் டேரில் பக்கம் போயிற்று. நடந்தது கொலீனுக்குப் புரிந்துவிட்டது. "சாவியைக் குடு. வீட்டுக்குப் போ. திங்கக்கிழமை பேசலாம். உன் வேலையப் பத்தித்தான்."

சர்வர் அறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். வாகன நிறுத்தத்தில் பனி அழுக்காக உருகிக்கொண்டிருந்தது. டேரில் தன் காருக்குள் போனைக் காதில் வைத்து, ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, கெஞ்சிக்கொண்டிருந்தான். தவறு செய்துவிட்டோம் என்று ஐலாவுக்குத் தெரிந்தது. வருத்தம் வருகிறதா என்று தேடிப் பார்த்தாள். வரவில்லை. குளிரில் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அவன் பேசி முடிக்கும்வரை நன்றாகப் பார்க்கத் தோதான இடத்தில் போய் நின்றாள்.