தரையிலிருந்து கப்பலுக்கு

“எழுதினதை எழுதினபடி படிங்கக்கா...”

“படிச்சா போன தடவை மாதிரி குகைக்கு ஓடுவாங்கடா!”

“மேலிடத்து வாசகம். ஒரு எழுத்தும் மாத்தக் கூடாது.”

“மேலிடம் வந்தா கமாடோ அக்கா மணிக்கட்டை ஒட்ட வெச்சுது?”

ஊராட்சி அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் அசாத்தோ தாளை என் மேசையில் வைத்தான். எங்கள் தீவில் வீட்டுக்கு வீடு சுவரில் ஒலிபெருக்கி உண்டு. படகு நேரம், புயல், சாவு என்று இருபது வருஷமாய் அதில் பேசுவது நான்தான். தாளில் இருந்தது ஒரே வரி: ‘தரை-கப்பல் ஏவுகணைப் பயிற்சி, பத்து மணிக்கு அனைவரும் பள்ளிக்கு வரவும்.’

“இதுல என்ன தப்பு?”

“தப்பே இல்ல. முதல் சொல் கிளம்புற இடம், அடுத்தது போய் விழற இடம். ராணுவ முகாம்ல இருக்கிறவனுக்கு அது போதும். கமாடோ அக்கா ஆறு வயசுல, போர் நடந்தப்ப, கடல் நெடுகக் கப்பல் நின்னு சுட்டதைக் குகையில ஒளிஞ்சு பார்த்தவ. போன தடவை கப்பல்னு காதுல விழுந்ததும் குண்டு அங்கிருந்து வருதுன்னு குகைக்கு ஓடினா. வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடிச்சுக்கிட்டா. நேத்தும் மழை பெஞ்சிருக்கு. எண்பத்து நாலு வயசுடா அவளுக்கு.”

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்பதரை.

“நான் டீ போடப் போறேன். இங்க என்ன படிச்சீங்கன்னு எனக்குத் தெரியாது.”

“டீ அறையிலயும் ஒலிபெருக்கி இருக்கே?”

“பிடுங்கிடுறேன். போதுமா?”

விசையைத் தட்டினேன்.

“சியேகோ பேசுறேன். இன்னிக்கு வெறும் பயிற்சி. எந்தக் கப்பலும் நம்மளைச் சுட வரல. முகாம் லாரியில ஒரு ஏவுகணை இருக்கு. அது தரையிலேருந்து கிளம்பிக் கப்பலைப் போய்த் தாக்குற வகை. இன்னிக்கு அதையும் சுட மாட்டாங்க, லாரி தெருவுல போகும், அவ்வளவுதான். பத்து மணிக்குப் பள்ளிக்கு வாங்க. குகைப் பக்கம் யாரும் போகாதீங்க. கமாடோ அக்கா, உனக்குத்தான் சொல்றேன்.”

பத்து மணிக்குப் பள்ளி வாசலில் நின்றோம். ஒவ்வொருவராக வந்தார்கள். கமாடோ அக்காவை மட்டும் காணோம். அசாத்தோ நகம் கடிக்க ஆரம்பித்தான். பத்தே காலுக்குத் தெருமுனையில் அவள் பிடித்துக்கொண்டு நடக்கும் தள்ளுவண்டியின் சத்தம் கேட்டது. அவன் ஓடிப்போய்க் கை கொடுத்தான்.

“விடுடா, எனக்குக் கால் இருக்கு. குகைக்குப் போகாம வந்துட்டேன்ல?” என்றவள் ஒரு கட்டி கருப்புச் சர்க்கரையை அவன் வாயில் திணித்தாள். எனக்கும் ஒன்று நீட்டினாள். பிறகு பள்ளிச் சுவருக்கு அப்பால் தெரிந்த கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சியேகோ, அந்த ஏவுகணை போய்த் தாக்குற கப்பல்ல இருக்கிற பிள்ளைங்களுக்கும் உன்னை மாதிரி யாராவது புரியும்படி சொல்லுவாங்களா?”