வெள்ளிமுகனின் முகம்

வினிபிரட் எழுதி வரைந்த ‘வெள்ளிமுகன்’ சித்திரக்கதை, மாதம் ஒருமுறை சாவகச்சேரி அச்சகமொன்றிலிருந்து வெளிவந்தது. 1994இல் வெள்ளைத்தாள் கிடைக்காமல் கோடு போட்ட கொப்பித்தாளில்தான் அச்சிட்டார்கள். ஆனாலும் நாயகனின் மிடுக்குக் குறையவில்லை. வெள்ளி முகமூடி, நிமிர்த்திய கொலர், மதில் பாய்ந்தாலும் மடிப்புக் கலையாத காற்சட்டை. ரியூட்டரி வகுப்புகளுக்குப் போகும் பெடியள் அவனைப்போலவே கொலரை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்கள்.

ஏழாவது இதழில் அவன் முகமூடியைக் கழற்றினான்.

வாசகர்கள் திகைத்துப்போனார்கள். உள்ளே இருந்தவன் அழகனல்லன். விடைத்த காதுகள், இடது புருவத்தை வெட்டிய தழும்பு. மருதனார்மடம் சந்திக் கடையில் ஒருவர் இதழைத் திருப்பியே கொடுத்துவிட்டார். “ஏழு மாதமா உவனுக்காகவோ காத்திருந்தனாங்கள்?” என்று கடிதங்கள் வந்தன.

அந்தக் கிழமை, கரவெட்டியிலிருந்து தங்கமுத்து என்ற அம்மா அந்த இதழோடு அச்சகத்துக்கு வந்தார்.

“பிள்ளை, என்ரை மகனை நீர் எங்கை கண்டனீர்?”

வினிபிரட்டுக்கு விளங்கவில்லை. “ஆரம்மா உங்கடை மகன்?”

தங்கமுத்து படத்திலிருந்த தழும்பைத் தொட்டார். “கிணத்துக்கட்டிலை விழுந்த காயம். போன வருசம் கடலேரியைக் கடக்கக் கிளாலியிலை படகேறப் போனவன். அந்தப் படகிலை ஒருத்தரும் மிஞ்சேல்லை எண்டிச்சினம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்து முடிச்சிட்டம்.”

வினிபிரட் படத்தை மறுபடி பார்த்தாள். அது கற்பனை முகமல்ல. மை வாங்கக் கிளிநொச்சிக்குப் போனபோது, அவளது சைக்கிளில் கழன்ற செயினைப் பூட்டித் தந்த கடைக்காரனின் முகம்.

“அம்மா, நான் அவரைக் கண்டு ரெண்டு மாதந்தான்.”

தங்கமுத்து கடையின் இடத்தைக் கேட்டுக்கொண்டு அன்றே கிளிநொச்சிக்குப் புறப்பட்டார்.

பத்து நாள் கழித்துத் தனியே திரும்பி வந்தார்.

“கண்டனீங்களோ?”

“ஓம். அந்தப் படகிலை அவன் ஏறவே இல்லையாம். ஒரு பெட்டையைக் களவாக் கட்டியிருக்கிறான், கைக்குழந்தையும் இருக்கு. தேப்பனுக்குப் பயந்து, செத்தவனாவே இருப்பம் எண்டு நினைச்சானாம்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“கன்னத்திலை ஒண்டு குடுத்தன். பிறகு பேத்தியை வாங்கி மடியிலை வைச்சன்.” கண்ணைத் துடைத்தார். “என்ரை மனிசனுக்கு இன்னும் தெரியாது. வருசம் முடியுதெண்டு வாற கிழமை ஆட்டைத் திவசத்துக்கு ஊரெல்லாம் சொல்லிப்போட்டுது. நான் சொன்னா நம்பாது. சாட்சிக்கு நீரும் வாரும், பிள்ளை.”

வினிபிரட் கையிலிருந்த மையைக் கழுவிக்கொண்டு அவரோடு கரவெட்டிக்குப் புறப்பட்டாள்.