நல்ல தண்ணிக் கிணற்று வீடு

தரகர் கனகசுந்தரம் வீடு காட்டக் கூட்டிக்கொண்டு போனால் முதலில் வீட்டைக் காட்டமாட்டார். அந்த வீட்டை வாங்கத் துடிக்கிற இன்னொரு ஆளைத்தான் காட்டுவார். ஆள் நேரில் வராது, போனில்தான் வரும். சுவிஸில் இருந்து ஒரு பார்ட்டி, கொழும்பில் இருந்து ஒரு டொக்டர் என்று, சாம்பல்தீவுப் பாலம் தாண்டுவதற்கிடையில் ஜதுசாவின் தலையில் இரண்டு பேரை ஏற்றிவிட்டார். மூன்றாவது ஆளையும் ஏற்றியிருப்பார், நல்லகாலம் வீடு வந்துவிட்டது.

ஜதுசா பஸ் டிப்போவில் பதினொரு வருசமாக டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிறவள். கெதியாத் தாங்கோ, பஸ் வெளிக்கிடப்போகுது என்று ஒரு நாளைக்கு நூறு பேர் அவளுக்குச் சொல்கிறார்கள். அவசரப்படுத்துகிறவனுக்குத்தான் அவள் ஆறுதலாகக் கொடுப்பாள். அப்படிப்பட்டவளுக்கே அன்றைக்கு அவசரம் தொற்றிவிட்டது. ஏன் தொற்றாது? துறைமுகத்து இழுவைப் படகில் வேலை செய்கிற புருசன் கஜீபனும் அவளும் நாலு வயது மகளுமாக உட்துறைமுக வீதியில் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கலியாணம் என்று, தை முடிய வீட்டை விடச் சொல்லிவிட்டார். ஜதுசாவுக்கு மாசியில் அடுத்த பிள்ளை பிறக்க இருந்தது. இதற்குள் பத்து வீடு பார்த்தாயிற்று. ஒன்றுக்குக் கூரை இல்லை, ஒன்றுக்குப் பாதை இல்லை, இன்னொன்றின் விலையைக் கேட்டதும் கஜீபன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே திரும்பிவிட்டான்.

இந்த வீடு அப்படியில்லை. மூன்று அறை, வெளிச்சமான குசினி, பின்னால் ஒரு மாமரம், அதற்குப் பக்கத்தில் கிணறு. கடற்கரையோரக் கிணறுகளைப் பற்றி ஜதுசாவுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பாதிக் கிணறுகளில் சவர்க்காரம் நுரைக்காது, தேத்தண்ணி வைத்தால் வாயில் வைக்க ஏலாது. அவள் தானே ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்திக் குடித்தாள். இளநீர் மாதிரி இருந்தது. அந்த இடத்திலேயே அவளுடைய மனம் விழுந்துவிட்டது. பிள்ளைக்கு எந்த மூலையில் சேலையில் ஏணை கட்டுவது என்றுகூட யோசித்துவிட்டாள்.

வீட்டுக்காரர் கதிராமன் எழுபதைத் தாண்டிய மனுசன். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருசம். கனடாவில் இருக்கிற மகன், வீட்டை வித்துப்போட்டு வாங்கோ அப்பா என்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம். கதிரை இழுத்துப் போட்டு அவர்களை இருத்திவிட்டு, அலுமாரியில் இருந்து பொலித்தீன் பையில் சுற்றிய காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துவந்து கொடுத்தார். கஜீபன் முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்தான். பெயர் கதிராமனுடையதுதான், எல்லை சரி, முத்திரை சரி. உறுதி எழுதுகிற நொத்தாரிசு ஒருவர் தனக்குத் தெரிந்தவர் இருக்கிறார், நாளைக்கு விடிய முற்பணத்தைக் கட்டினால் மற்றதெல்லாம் அவர் பார்ப்பார், உங்களுக்கேன் வீண் அலைச்சல் என்றார் கனகசுந்தரம். கஜீபன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளை அவன், ஆனால் முத்திரை குத்தின கடதாசியைக் கண்டால் கும்பிடுகிற சாதி.

ஜதுசா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு கலியாணப் படம். இதே வீட்டு வாசல், பின்னால் எட்டிப் பார்க்கிற இதே மாமரம், பொம்பிளை கூறைச்சேலையில் நிற்கிறாள்.

"ஐயா, உங்களுக்குப் பெண்பிள்ளை இருக்கோ?"

தங்கச்சி வீடு பார்க்க வந்தவாவோ, பொம்பிளை பார்க்க வந்தவாவோ என்று கனகசுந்தரம் சிரித்தார். வெளியூர்க்காரர் யாரும் இருந்திருந்தால் அவர்களும் சிரித்திருப்பார்கள். ஆனால் ஜதுசா பக்கத்துக் கடற்கரை ஊரான சல்லியில் பிறந்து வளர்ந்தவள். இந்தக் கரையில் பெண் பிறந்தால் வீடு அவளுக்கு, ஆண் பிறந்தால் அவன் இன்னொருத்தியின் வீட்டுக்கு. உறுதியில் யார் பெயர் இருந்தாலும், படத்தில் கூறைச்சேலையோடு நிற்கிறவளைக் கேட்காமல் வீடு வாங்குகிறவள் விசரி. கஜீபன் வவுனியாக்காரன், அவனுக்கு இது மண்டையில் ஓடாது.

கதிராமன் கேற்றைப் பார்த்தபடி சொன்னார். ஒருத்தி இருக்கிறாள், லோஜனா என்று பெயர், டவுனில் படிப்பிக்கிறாள். "இந்த வீட்டில அவவுக்கு ஒண்டும் இல்லை, பிள்ளை. அது முடிஞ்ச கதை."

முடிந்த கதை என்று ஒருவர் கேற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னால் அது முடியவில்லை என்றுதான் அர்த்தம். ஜதுசா உறுதியின் இலக்கத்தையும் திகதியையும் தன்னுடைய கொப்பியில் எழுதிக்கொண்டு எழும்பினாள். முற்பணம் நாளைக்கு இல்லை, பதிவைப் பார்த்த பிறகுதான் என்றாள். கனகசுந்தரத்தின் முகம் கறுத்தது. டொக்டர் காத்திருக்கிறார் என்றார். காத்திருக்கட்டும் என்றாள்.

அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. அன்றைக்கு வழியெல்லாம் அந்தத் தண்ணியின் ருசி நாக்கில் இருந்தது. அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு, கனகசுந்தரத்தின் நொத்தாரிசிடம் போகாமல், டிப்போவுக்குப் பக்கத்தில் கந்தோர் வைத்திருக்கிற நொத்தாரிசு அம்மாவிடம் போனாள். அவர் காணிப் பதிவகத்தில் ஆளை விட்டுத் தேட மூன்று நாள் எடுத்தது. அந்த மூன்று நாளும் கனகசுந்தரம் விடாமல் போன் அடித்தார். நாலாம் நாள் நொத்தாரிசு அம்மா பதிவேட்டுப் பிரதியை மேசையில் விரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். கதிராமன் பன்னிரண்டு வருசத்துக்கு முதல் இந்த வீட்டை மகள் லோஜனாவின் பெயருக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு ஒரு பதிவும் இல்லை. வீடு அவளுடையது.

பக்கத்தில் இருந்த கஜீபன் அந்த வரியை இரண்டுதரம் வாசித்தான். முற்பணத்துக்கென்று ஜதுசாவின் தாலிக்கொடியைத் தவிர்த்து மற்ற எல்லா நகையும் விற்கத் தீர்மானித்திருந்தார்கள். வீடு பார்த்த அடுத்த நாள் விடியவே அவன் கொடுத்திருப்பான், சத்தியமாகக் கொடுத்திருப்பான். மனைவியைப் பார்த்தான். அவள் ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை, அதுதான் அவனுக்கு இன்னும் சுட்டது.

இருவரும் நேரே சாம்பல்தீவுக்குப் போனார்கள். கிழவன் கள்ளன் என்றால் நாலு பேச்சுப் பேசிவிட்டு வரலாம் என்றுதான் ஜதுசா போனாள். கிழவன் கள்ளன் இல்லை, அதுதான் வில்லங்கம். பிரதியைக் காட்டியதும் அவர் உண்மையிலேயே திகைத்துப் போனார். மகளின் கலியாணம் எட்டு மாதத்தில் குலைந்தது, பெரியவர்கள் பிள்ளையார் கோயில் முன்றலில் கூடிக் கதைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் நகையையும் திருப்பித் தந்தார்கள், சீதன உறுதியையும் திருப்பித் தந்தார்கள்.

"ஊருக்கு முன்னால கிழிச்சுப் போட்டம், பிள்ளை. நானே என்ர கையால கிழிச்சனான்."

கலியாணம் இல்லையென்றால் சீதனமும் இல்லை, கிழித்தால் தீர்ந்தது, பழைய உறுதி அலுமாரியில்தானே கிடக்கிறது என்று பன்னிரண்டு வருசம் நிம்மதியாக இருந்திருக்கிறார் மனுசன். ஊரும் அப்படித்தான் நினைத்தது. கிழித்தது கடதாசியை மட்டும்தான், எழுதின அன்றைக்கே ஒரு பிரதி பதிவகத்துக்குப் போய்விட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பெட்டைக்கும் தெரியாது. உறுதி கிழிந்த அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போனவள், இன்றைக்கும் ஜமாலியாவில் ஒரு வீட்டின் பின்பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறாள்.

இதைக் கேள்விப்பட்ட கனகசுந்தரம் கலங்கவேயில்லை. பின்னேரமே உட்துறைமுக வீதிக்கு வந்துவிட்டார்.

"ஒரு கையெழுத்துத்தானே, தங்கச்சி. அப்பாவின்ர விசா அலுவல் எண்டு சொல்லி நான் வாங்கித்தாறன். அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவையில்லை."

இனி உண்மையைச் சொல்லவேண்டும். ஜதுசா உடனே எழும்பி அவரை வெளியே போகச் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். தை முடியப் பதினெட்டு நாள்தான் இருந்தது. வயிற்றில் பிள்ளை புரண்டது. கையெழுத்து வந்தால் உறுதி சரி, பதிவு சரி, கிணறு தனக்கு. யார் பொய் சொல்லி வாங்கினால் என்ன, தான் சொல்லவில்லையே என்று அவளுக்குள் ஒருத்தி கணக்குப் பார்த்தாள். கஜீபனுக்குள்ளும் ஒருவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். அப்போது மகள் வந்து மடியில் ஏறி, அம்மா புது வீட்டில் எனக்கும் ஒரு அறை தருவீங்களோ என்று கேட்டாள். ஜதுசாவுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. இன்னொரு தகப்பனின் மகளிடம் தெரியாமல் பறித்து, இவளுக்கு அறை கொடுப்பதோ? கனகசுந்தரத்தின் கையில் இருந்த கோப்பையை வாங்கி வைத்தாள். அண்ணை, நீங்கள் இனி இந்த வீட்டுக்கு வரத் தேவையில்லை என்றாள்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் பார்த்து ஜமாலியாவுக்குப் போனாள். லோஜனா வெயிலில் வந்த களைப்போடு கதவைத் திறந்தாள். மெல்லிய உருவம், முன்தலையில் நரை. ஜதுசா தான் யார், எப்படி வந்தாள் என்று ஒன்றும் விடாமல் சொல்லி, பிரதியைக் கையில் கொடுத்தாள். லோஜனா நின்றபடியே வாசித்தாள். பிறகு கதிரையில் இருந்து இன்னொருதரம் வாசித்தாள்.

"நான் ரெண்டு மாதத்துக்கு ஒருக்கா ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போறனான், தங்கச்சி. ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கிக்கொண்டு போவன். கேற்றில நிண்டு கூப்பிட்டுப்போட்டுத்தான் உள்ளுக்குப் போவன்." பிரதியில் இருந்த தன் பெயருக்கு மேல் விரலை வைத்தாள். "என்ர வீட்டுக்கு."

வீட்டை விற்பீர்களோ என்று ஜதுசா கேட்டாள். கேட்காமல் இருக்க ஏலவில்லை. கேட்கும்போதே பதில் தெரிந்திருந்தது. லோஜனா இல்லை என்று தலையாட்டினாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் ஜதுசா அழுதாள், மறைக்கவும் இல்லை. ஆட்டோக்காரன் பாட்டை நிற்பாட்டிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை லோஜனா கேட்டுக்கொண்டபடி ஜதுசாவும் கஜீபனும் மகளும் சாம்பல்தீவுக்குப் போனார்கள், தகப்பனோடு கதைக்கும்போது பக்கத்தில் ஆள் வேண்டுமாம். கதிராமன் நாலு நாளில் பத்து வயது கூடினவர் மாதிரி இருந்தார். உடுப்பை ஒரு பையில் அடுக்கி வாசலில் வைத்திருந்தார். கேற்று சத்தம் கேட்டு எழும்பினார். மகள் அன்றைக்குக் கூப்பிடவில்லை, நேரே தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"பிள்ளை, நான் இனி எங்க போறது?"

லோஜனா பிரதியை விரித்தாள். இரண்டாம் பக்கத்தில் நடுவில் இருந்த வரியைப் படிப்பிக்கிற குரலில் வாசித்தாள். கொடுத்தவர் சாகும்வரைக்கும் இந்த வீட்டில் இருக்க உரித்துடையவர். "இது நீங்களே போட்டுக் கையெழுத்து வச்சது, அப்பா. உங்களை ஒருத்தரும் இங்க இருந்து எழுப்ப ஏலாது. நானும் ஏலாது." கிழவன் முகத்தைப் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். லோஜனா அவருடைய பையைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

வெளியே வந்தபோது அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. தான் இந்த மாதக் கடைசியில் இங்கே வரப்போகிறபடியால் ஜமாலியா வீடு காலி, வீட்டுக்காரி ரபீக்கா நல்ல மனுசி, ஆனால் எல்லாம் வாயால்தான் கதைப்பா, நீங்கள் எழுத்தில் வாங்குங்கோ என்றாள். ஜதுசாவுக்கு அது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தது.

தை முடிய நாலு நாள் இருக்கும்போது குடிபுகுந்தார்கள். தரகர் இல்லை. இரண்டு பக்க ஒப்பந்தத்தை ஜதுசா வரி வரியாக வாசித்தாள், கொடுத்த முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்கினாள், எத்தனை மாதத்துக்கு முதல் சொல்லி எழுப்பலாம் என்பதை ரபீக்கா உம்மாவிடமே கேட்டு எழுதுவித்தாள். உம்மா சலித்துக்கொண்டு மூன்றுதரம் தேத்தண்ணி குடித்தா. அங்கே கிணற்றுத் தண்ணி உப்பு, சவர்க்காரம் நுரைக்காது.

மாசியில் பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழிந்த ஞாயிற்றுக்கிழமை லோஜனா ஆட்டோவில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கான் தண்ணியோடு வந்து இறங்கினாள், சாம்பல்தீவுக் கிணற்றுத் தண்ணி, பிள்ளையைக் குளிப்பாட்ட. மற்றக் கையில் ஒரு பெட்டி பிஸ்கட். கேற்றில் நின்று, ஜதுசா என்று கூப்பிட்டாள்.

"உள்ளுக்கு வாங்கோ அக்கா, இவ்வளவு காலம் நீங்கள் இருந்த வீடுதானே" என்றாள் ஜதுசா.

"இருந்தனான். ஆனா இது உங்கட வீடு, நான் கூப்பிட்டுத்தான் வருவன்" என்றாள் லோஜனா. "கூப்பிடாமப் போக எனக்கு இப்ப ஒரு வீடு இருக்கு."