வேளாண் கல்லூரி அணியின் ஏழு சனிக்கிழமைகள்

வேனோடு நீர்த்தேக்கத்தில் விழுந்து இறந்துபோன வேளாண் கல்லூரி மகளிர் கூடைப்பந்து அணி, அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்குப் பதினோரு நிமிடம் தாமதமாக வந்து சேர்ந்தது. வராத அணிக்காகப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது லீக்கின் விதி. ஆகவே அவர்கள் வந்ததில் விதிமீறல் எதுவும் இல்லை. எதிர் அணியான வணிகக் கல்லூரிப் பெண்கள், ஆடாமலே வெற்றி கிடைக்கப்போகிறது என்று பாதி ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கவாட்டுக் கதவு திறந்தது. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட ஐந்து பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கழுத்தில் விசிலும், மை கரைந்துபோன ஒரு தாளும் வைத்துக்கொண்டு அவர்களுடைய கோச் வந்தார். "சாரி சார், வண்டி லேட்டாயிடுச்சு. டிரைவர் நிறுத்திட்டு வரேன்னார்" என்று ஸ்கோர் மேசையில் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஸ்கோர் எழுதுபவரின் பேனா உருண்டு கீழே விழுந்தது. எடுக்க யாரும் குனியவில்லை. வணிகக் கல்லூரியின் கேப்டன், எட்டு மாதங்களுக்கு முன்னால் இதே ஐந்து பேரின் உடல்கள் மீதும் பூ வைத்தவள், ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் சாக்ஸுமாக எழுந்து நின்றாள். பேயறைந்த மாதிரி என்று எல்லோரும் சும்மா சொல்லிவைப்பதுண்டு. அதற்கு என்ன அர்த்தம் என்று அரங்கத்தில் இருந்த முந்நூறு பேரும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள்.

அட்டவணையில் அவர்கள் பெயர் இருந்ததற்குக் காரணம் லீக்கின் செயலாளர். கணிதப் பேராசிரியரான அவர் வருடா வருடம் பழைய அட்டவணையைப் பிரதி எடுத்துத் தேதிகளை மட்டும் மாற்றுகிறவர். எட்டு அணி என்றால் கணக்குச் சுலபம், ஏழென்றால் ஒவ்வொரு வாரமும் ஒரு அணி சும்மா உட்கார வேண்டும் என்பதால், பெயரை அடிக்கக் கை வரவில்லை என்று அவர் பிறகு சொன்னார். அன்று அவர் விதிப்புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினார். ஆட்டக்காரர் கல்லூரியின் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்றிருந்தது. வேளாண் கல்லூரிக்குப் போன் போட்டார்கள். பெற்றோர் யாரும் டி.சி. வாங்க வரவில்லை, அதனால் ஐந்து பேரும் இன்னும் பதிவேட்டில்தான் இருக்கிறார்கள் என்றார் அலுவலகத்தில் இருந்தவர். மருத்துவத் தகுதிச் சான்றுக்கு இன்னும் நான்கு மாதம் ஆயுள் இருந்தது. உயிரோடு இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் எங்குமே எழுதியிருக்கவில்லை. எழுதியவர்களுக்கு அது தோன்றியிருக்காது. செயலாளர் புத்தகத்தை மூடி, "ஆடலாம்" என்றார். 

வேளாண் அணிக் கேப்டனின் அம்மா சீருடை தைக்கும் தொழிற்சாலையில் காலர் பிரிவில் வேலை செய்தாள். அரங்கத்திலிருந்து யாரோ போன் செய்து செய்தியைச் சொன்னபோது தையல் ஊசி அவள் ஆள்காட்டி விரலில் இறங்கி மறுபக்கம் வந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. விரலில் நூல் தொங்க, புடவையில் துணிப்பிசிறு ஒட்டியிருக்க, இரண்டு பேருந்து மாறி வந்து சேர்ந்தபோது மூன்றாவது கால்பகுதி நடந்துகொண்டிருந்தது. நான்காம் நம்பர் ஜெர்சியில் அவளுடைய பெரியவள் பந்தைத் தட்டிக்கொண்டு எல்லைக்கோட்டை ஒட்டி ஓடிவந்தாள். அம்மாவைப் பார்த்ததும் ஓட்டத்தைக் குறைக்காமலே கேட்டாள்.

"என்னம்மா, இன்னைக்கு வேலைக்குப் போகலையா?"

அம்மா கேலரியின் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆட்டத்தில் வேளாண் கல்லூரி ஆறு பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தது. முடிந்ததும் ஐவரும் கோச்சும் வந்த கதவு வழியாகவே போனார்கள். கேப்டனின் அப்பா வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கிறவர். ஈரத் தடத்தைப் பார்த்தே குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அடுத்த வாரம் ஆட்டம் முடிந்ததும் அவர் அவர்களுடைய ஈரக் கால்தடங்களைப் பின்தொடர்ந்து போனார். சைக்கிள் நிறுத்துமிடத்தைத் தாண்டி, மதில் ஓரமிருந்த குழாயடி வரை தடம் போயிற்று. அதற்கப்புறம் தரை காய்ந்து கிடந்தது. அவர் திறந்து கிடந்த குழாயை மூடிவிட்டு வந்தார்.

எட்டு அணிகள் உள்ள லீக்கில் ஒவ்வொரு அணிக்கும் ஏழு ஆட்டம், வாரம் ஒன்று, சனிக்கிழமை மதியம். முதல் இரண்டு இடம் பிடிக்கும் அணிகளுக்கு மட்டும் எட்டாவது சனிக்கிழமை இறுதிப்போட்டி. ஐந்து குடும்பங்களும் இந்தக் கணக்கை முதல் நாளே போட்டுவிட்டன. ஏழு வாரம் நிச்சயம்; எட்டாவது வாரம் ஜெயித்தால்தான். அவர்களைத் தொடலாம், பேசலாம். குளித்துவிட்டு வந்தவர்களின் கை போலக் குளிர்ந்திருக்கும், அவ்வளவுதான். விபத்தைப் பற்றி அவர்களிடம் பேசக்கூடாது என்று யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. ஆனால் ஒருவரும் பேசவில்லை. அவர்கள் ஓடிய இடமெல்லாம் தரை நனைந்ததால் நடுவர் அடிக்கடி ஆட்டத்தை நிறுத்தித் துடைக்கச் சொன்னார். துடைத்த வாளியில் இரண்டு முறை விரல் நீள மீன் குஞ்சுகள் கிடந்தன. மருத்துவக் கல்லூரியோடு ஆட்டம் வந்த வாரம், அந்தக் கல்லூரியின் பேராசிரியர் ஒருவர் ஐந்து பேருக்கும் நாடி பார்த்தார். 'நாடித்துடிப்பு இல்லை, மூட்டுகள் நல்ல நிலையில் உள்ளன' என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மூன்று நாள் விடுப்பு எடுத்தார்.

அதே ஆட்டத்தில்தான் அந்தத் தகராறும் வந்தது. மருத்துவக் கல்லூரிப் பெண்கள் கைக்கெட்டும் தூரத்திலிருந்தும் பந்தைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தார்கள். கேலரியில் இருந்த தாய்மார்களின் முகத்தைப் பார்த்துவிட்டு யாருக்குத்தான் கூடையில் பந்து போட மனம் வரும்? பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்த வேளாண் கேப்டன், பந்தை நடுக்களத்தில் வைத்து அதன் மேல் ஒரு காலையும் வைத்தாள். "பாவம் பாத்து ஆடுறதா இருந்தா சொல்லிடுங்க, நாங்க போயிடுறோம். இதுக்காக ஒண்ணும் அவ்வளவு தூரத்துல இருந்து வரலை." எவ்வளவு தூரம் என்று கேட்கும் துணிச்சல் எவருக்கும் இல்லை. அதற்குப் பிறகு எல்லா அணிகளும் ஒழுங்காக ஆடின. வேளாண் கல்லூரி இரண்டு ஆட்டங்களில் தோற்றது. ஆறு வாரம் முடிந்தபோது பொறியியல் கல்லூரி இறுதிக்குப் போய்விட்டிருந்தது. மிச்சமிருந்த ஓர் இடத்துக்கு வேளாண் கல்லூரியும் செவிலியர் கல்லூரியும் சமமாக நின்றன. ஏழாவது சனிக்கிழமை அந்த இரண்டுக்கும்தான் ஆட்டம்.

செவிலியர் கல்லூரி அணியில் வேளாண் கேப்டனின் தங்கை இருந்தாள். முந்தின வருடம் அவளும் வேளாண் கல்லூரியில்தான் படித்தாள். அந்த வேனில் ஆறாவது ஆளாக ஏற வேண்டியவள். அன்று காலை பல்வலி என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டதால் பிழைத்தாள். விபத்துக்குப் பிறகு அந்தக் கல்லூரியின் விடுதி வராந்தாவில் அவளால் நடக்க முடியவில்லை. டி.சி. வாங்கிக்கொண்டு வேறு படிப்புக்குப் போய்விட்டாள். அக்கா திரும்பி வந்திருக்கிறாள் என்று கேட்டும் அவள் பார்க்கப் போகவில்லை. ஆறு வாரமும் வேளாண் கல்லூரி ஆடும் நேரத்தில் அரங்கத்தின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அம்மா கூப்பிட்டுப் பார்த்தாள், அப்பா கெஞ்சிப் பார்த்தார், அவள் அசையவில்லை. காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஏழாவது வாரத்தின் வெள்ளிக்கிழமை மாலை அம்மா செவிலியர் விடுதிக்கு வந்தாள். பார்வையாளர் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"ஒரே ஒரு வாரம்டி. நாளைக்கு அவ ஜெயிச்சா இன்னும் ஒரு சனிக்கிழமை பாத்துக்கிடுவேன். நீ நல்லா ஆடாம இருந்தா போதும்."

"அம்மா, நான் மட்டுமா ஆடுறேன்? கூட நாலு பேர் இருக்காங்க."

"நாலு பேரும் ஒத்துக்கிட்டாங்க. நான் பேசிட்டேன். நீதான் பாக்கி."

சின்னவள் திகைத்துப்போனாள். தனக்கு முன்னால் தன் அணியின் நான்கு அறைக் கதவுகளையும் அம்மா தட்டியிருக்கிறாள். முடியாது என்றும் சொல்லாமல், சரி என்றும் சொல்லாமல் அம்மாவை வாசல் வரை கொண்டுவந்து விட்டாள்.

மறுநாள் அரங்கத்தில் கால்வைக்க இடமில்லை. அக்காவும் தங்கையும் நடுக்களத்தில் நேருக்கு நேர் நின்றபோது, ஈரம் சொட்டும் அந்த முகத்தைப் பார்க்காமல் சின்னவள் தரையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அக்கா அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தி, "இடுப்பைத் தாழ்த்தி நில்லு" என்றாள், எப்போதும் சொல்வதுதான். ஆட்டம் தொடங்கியது. நான்கு பேரும் அம்மாவுக்கு ஒத்துக்கொண்டது வாயளவில்தான் போலிருந்தது. பந்து கைக்கு வந்துவிட்டால் கை சொன்னபடிதான் கால் ஓடுகிறது. கடைசி நிமிடத்தில் செவிலியர் கல்லூரி ஒரே ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்தது. நான்கு வினாடி இருக்கும்போது சின்னவள் கூடைக்குக் கீழே எம்பினாள். வேளாண் அணியில் 'ஏணி' என்று பெயர் வாங்கிய நெட்டைப் பெண் தடுக்கப் போய் அவள் முழங்கையில் அடித்துவிட்டாள். நடுவர் விசில் ஊதி இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்தார். ஒன்று போட்டால் சமம், இரண்டும் போட்டால் வெற்றி. தரை நனைந்திருந்ததால் துடைக்கச் சொன்னார். துடைத்து முடிக்கும் வரை அக்கா கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பல்லு எப்படி இருக்கு?"

சின்னவள் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குப் பல் வலியே இல்லைக்கா. பொய் சொன்னேன். என்னை ஆட விடாம வெளியில உக்கார வச்சேன்னு உன் மேல கோவம்."

"வாயில மிட்டாயை அதக்கிக்கிட்டு பல்வலின்னா யாருடி நம்புவா? தெரிஞ்சுதான் எழுப்பாம போனேன்."

"அக்கா... அன்னைக்கு நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"வாரா வாரம் எங்க பின்னாலயே ஒருத்தர் தரையைத் துடைச்சுக்கிட்டு வராரு. தெரியாம என்ன?"

"நான் போட்டா நீ அடுத்த வாரம் வர மாட்டே. அம்மா ஒரு வாரம் கேட்டாங்க."

"அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ கூடையைப் பாரு."

சின்னவள் கண்ணைத் துடைத்தாள். முதல் பந்து வளையத்தில் இரண்டு சுற்று சுற்றி உள்ளே விழுந்தது. இரண்டாவது எதிலும் படாமல் இறங்கியது. மிச்சமிருந்த நான்கு வினாடியில் வேளாண் அணியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கேலரியில் ஒரு கைதட்டல் இல்லை. வேளாண் அணிப் பெற்றோரில் ஒருவர் மட்டும் "அடிப்பாவி" என்றார், அதுவும் அழுகையோடு. அந்தச் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது.

அக்கா படியேறிப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோச் இரண்டு முறை கூப்பிடும் வரை பேசிக்கொண்டிருந்தாள். அம்மாவின் புடவையில் ஒரு பக்கம் முழுக்க நனைந்துபோயிற்று. அதை அவள் பல நாள் துவைக்கவில்லை. பிறகு ஐந்து பேரும் எதிரணியோடு கைகுலுக்கிவிட்டுக் கதவைத் தாண்டிப் போனார்கள். எட்டாவது சனிக்கிழமை இறுதிப்போட்டியில் செவிலியர் கல்லூரி படுமோசமாகத் தோற்றது. யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. நான்கு குடும்பங்கள் சின்னவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டன. அம்மாவும் ஒரு மாதம் அவளைப் பார்க்க வரவில்லை. வந்தபோது கையில் புதிதாகத் தைத்த ஒரு ஜெர்சி இருந்தது. "உன்னைத் திட்டக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனா. அவளுக்கு இப்பதான் கை நேரா வந்திருக்கு, கெடுத்துடாதேம்மான்னா" என்று சொல்லிவிட்டு, அளவு சரியாக இருக்கிறதா என்று அவள் தோளில் வைத்துப் பார்த்தாள்.

அடுத்த வருடம் அட்டவணை போடும்போது செயலாளரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரும் யாரையும் கேட்காமல் எட்டுப் பெயர்களையும் எழுதினார். முதல் சனிக்கிழமை ஐந்து குடும்பங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. வந்தார்கள். அதற்கடுத்த வருடமும் வந்தார்கள். ஆட்டக்காரர் இருபத்தைந்து வயதைத் தாண்டக்கூடாது என்ற விதியைக் காட்டிச் சட்டக் கல்லூரி ஒருமுறை ஆட்சேபம் எழுப்பியது. ஐந்து பேரையும் நேரில் வந்து பார்த்துவிட்டு, அவர்களுக்கு இன்னும் இருபதுதான் என்று எழுதிக்கொடுத்து அதை வாபஸ் வாங்கிக்கொண்டது. லீக்கில் மூன்றாம் இடத்துக்கு மேல் அவர்கள் ஒருபோதும் போகவில்லை. வணிகக் கல்லூரியின் பழைய கேப்டனின் மகளே அவர்களுக்கு எதிராக ஆடும் காலமும் வந்தது. செயலாளர் ஓய்வு பெற்றார். மருத்துவச் சான்றைப் புதுப்பிப்பது ஒரு சடங்காகி, பிறகு வெறும் ரப்பர் முத்திரையாகிவிட்டது.

சின்னவள் ஒரு மருத்துவமனையில் தலைமைச் செவிலியர் ஆனாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளும் பிறந்தன. விடுமுறைகளில் படித்து நடுவர் தேர்விலும் தேறினாள். நாற்பது வயதில், முன்னெற்றியில் நரை எட்டிப்பார்த்த பிறகு, வேளாண் கல்லூரிக்கும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குமான ஆட்டத்தில் அவள் விசிலோடு களத்தில் இறங்கினாள். 'ஏணி' அவளைப் பார்த்து மரியாதையாக "வணக்கம்க்கா" என்றாள். மூன்றாவது கால்பகுதியில் நான்காம் நம்பர் எதிரணிப் பெண்ணைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தாள். நடுவர் விசில் ஊதினாள்.

"நான் எங்கடி இடிச்சேன்? அவளா வந்து விழுந்தா!"

"நாலாம் நம்பர், ஃபவுல்" என்று நடுவர் ஸ்கோர் மேசையைப் பார்த்து விரல்களைக் காட்டினாள்.

"ஏய், நான் உன் அக்காடி!"

கேலரியின் முதல் படியிலிருந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்த அம்மா சத்தமாகச் சொன்னாள்: "இடிச்சா. நான் பாத்தேன்."

அக்கா அம்மாவை ஒருமுறை முறைத்துவிட்டு, ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாகக் கையைத் தூக்கினாள். அது அவளுக்கு நான்காவது ஃபவுல். இன்னும் ஒன்று வாங்கினால் வெளியே உட்கார வேண்டும் என்பதால், மீதி ஆட்டம் முழுக்க அவள் கவனமாக ஆடினாள்.